அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: மரண தண்டனை கூடாது என்று கல்லூரிக் காலத்திலிருந்தே வாதாடி வருகிறேன். சென்ற வாரம் தோழி ஒருத்தி, குழந்தையைக் கொன்றதாகக் கைதானவனைத் தூக்கில் போடச் சொல்லும் மனுவைக் கொண்டுவந்து நீட்டினாள். பேனாவைத் திறந்துவிட்டேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை, திருப்பித் தரவும் மனசு வரவில்லை. தாள் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. நான் இரட்டை வேஷம் போடுகிறேனா? தூக்குக்கு எதிராக எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு நடந்திருந்தால் என்ன செய்வீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். என் வீட்டுக் குழந்தைக்கு நடந்திருந்தால் அவனை என் கையாலேயே கொல்லத் தோன்றும். சட்டம், மனித உரிமை என்று யார் பேசினாலும் அன்றைக்கு என் காதில் ஏறாது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனை நீதிபதி நாற்காலியில் உட்காரவைக்காதது அதனால்தான். ஆத்திரப்பட அவனுக்கு முழு உரிமை உண்டு. தீர்ப்பு எழுதும் வேலையையும் அவன் தலையில் கட்டக் கூடாது.

இரட்டை வேஷம் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். 2020 மார்ச் 20 அதிகாலை, டெல்லிப் பேருந்து வழக்கில், அதாவது நிர்பயா வழக்கில், நான்கு பேரைத் திகார் சிறையில் தூக்கிலிட்ட செய்தியைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். ‘ஒழிந்தார்கள்’ என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம்தான், எப்போதோ படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. தூக்குக்கு முன்னால் கைதியின் எடையைப் பார்த்து, அதைப்போல ஒன்றரை மடங்கு எடையுள்ள மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதிப்பார்களாம். யாரோ ஒரு சிறை ஊழியர் குனிந்து அந்த மூட்டையில் மணல் அள்ளிப் போட்டிருப்பார். என் சார்பில். நிம்மதி போகவில்லை, ஆனால் அன்று முழுக்க அந்த மணல் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

சரி, உங்கள் கோபத்தில் எங்கே தப்பு? கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் அது சாட்சியத்தைப் பார்த்து வருவதில்லை. போலீஸ் ஒரு முகத்தைக் காட்டுகிறது, பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அதைப் பெரிதாக அச்சடிக்கிறோம், உங்கள் கோபம் அந்த முகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஜப்பானில் இவாவோ ஹகமாதா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரருக்கு அதுதான் நடந்தது. 1966இல் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொலை. நாள்கணக்காக, மணிக்கணக்காக விசாரித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து, சோயாவைப் புளிக்கவைக்கும் மிசோ தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த துணிகளை எடுத்துக் காட்டினார்கள். 1968இல் மரண தண்டனை. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நோரிமிச்சி குமமோட்டோ, அவரை நிரபராதி என்று நம்பியவர். மூன்று பேர் அமர்வில் மற்ற இருவர் எதிர்ப்பக்கம் போனதால், தான் நம்பாத தீர்ப்பைத் தன் கையாலேயே எழுதினார். கொஞ்ச நாளில் வேலையை விட்டார். உண்மையை ஊரறியச் சொன்னது 2007இல்தான்.

அந்த நாட்டில் தூக்குத் தேதியைக் கைதிக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்று காலையில்தான் தெரியும். தண்டனை உறுதியான பிறகு, ஒவ்வொரு விடியலிலும் காலடிச் சத்தம் தன் கதவருகே நிற்குமா, தாண்டிப் போகுமா என்று ஹகமாதா காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலேயே மனம் சிதைந்துபோனது. 2014இல் வெளியே வந்தார். 2024 செப்டம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம், அத்தனை காலம் மிசோவில் ஊறிய ரத்தம் சிவப்பாக இருக்காது, ஆதாரம் ஜோடிக்கப்பட்டது என்று சொல்லி விடுதலை செய்தது. அப்போது அவருக்கு வயது 88. அவருக்காக விடாமல் போராடிய அக்கா ஹிடெகோவுக்கு 91. இடையில் ஒருநாள் காலை அந்தக் கதவு திறந்திருந்தால், விடுதலை செய்ய ஆள் இருந்திருக்க மாட்டார்.

அது எங்கோ ஜப்பானில் என்று தள்ளிவிடாதீர்கள். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் நாடோடிச் சமூகத்து ஆறு பேருக்கு மரண தண்டனை என்று 2009இல் சொன்னது நம் உச்ச நீதிமன்றம். 2019இல் ஆறு பேரையும் விடுவித்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான்.

தூக்கு இருந்தால் பயப்படுவார்கள் என்று உங்கள் தோழி சொல்லக்கூடும். கனடா 1976இல் கொலைக்கான மரண தண்டனையை நீக்கிவிட்டது. அங்கே கொலைகள் பெருகிவிடவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது இழந்த குடும்பத்தின் நிலைமை. டெல்லி வழக்கில் 2012 டிசம்பரில் மகளைப் பறிகொடுத்தவர்கள், ஏழாண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேறினார்கள். தூக்குக்கு ஜனவரி 22 என்றார்கள், பிறகு பிப்ரவரி 1, பிறகு மார்ச் 3, கடைசியில் மார்ச் 20. முதல் மூன்று முறையும் அந்தத் தாய் மனதைத் தயார்செய்துகொண்டு போய், வெறுங்கையோடு திரும்பினார். உயிரை எடுக்கும் தண்டனை என்பதால் மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று எல்லாக் கதவையும் திறந்துதான் வைக்க வேண்டும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனை வருஷமும் மகளைக் கொன்றவர்களின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது அந்தத் தண்டனைதான்.

அதனால் அந்தத் தாளைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோபம் இல்லாததுபோல் நடிக்காதீர்கள். இருக்கிறது என்றே சொல்லுங்கள். விசாரணை சீக்கிரம் முடிய வேண்டும், குற்றம் நிரூபணமானால் ஆயுள் முழுக்க அவன் வெளியே வரக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்று வேறொரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.