எஃகு தேயாமல் இருக்க லேசர் பூச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பு. ஷாஃப்ட் ஸ்லீவுக்கு (சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறை) ஹார்டு குரோம் (கடினமான குரோமிய முலாம்) போட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. லேசரில் டங்ஸ்டன் கார்பைடு பூசினால் தாங்குமா?

தாங்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1100. ஹார்டு குரோம் 800 முதல் 1000 வரைதான். மணல் அதைக் கீறத்தான் செய்யும். டங்ஸ்டன் கார்பைடோ 2000-ஐத் தாண்டும்.

ஆனால் பூச்சில் கார்பைடு சிறு துகள்களாகத்தான் இருக்கிறது. அந்தத் துகள்களைப் பிடித்து நிறுத்துவது, லேசர் சூட்டில் உருகி உறையும் நிக்கல் கலவை. ஜல்லி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சிமெண்ட் அரித்துப் போனால் உதிர்ந்துவிடும் அல்லவா? இங்கும் அதே கதைதான். தேய்ந்த ஸ்லீவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். துகள்கள் சற்று மேடாகத் தெரிந்தால் பூச்சு ஒழுங்காக வேலை செய்கிறது. துகள் இருந்த இடத்தில் வெறும் குழிகள் தெரிந்தால், நிக்கல் கலவை மென்மையாக இருக்கிறது அல்லது துகள்களுக்கு இடையே இடைவெளி அதிகம். நைசான மணலுக்கு நெருக்கமான, பொடியான துகள்களே ஏற்றவை.

லேசர் பவரைக் கூட்டியபின் பூச்சு வழவழப்பாக வருகிறது, கடினத்தன்மையும் கூடியிருக்கிறது. ஆனாலும் முன்பைவிட வேகமாகத் தேய்கிறது. ஏன்?

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்பைடு உருகிய நிக்கலில் கரைந்துவிட்டது. கரைந்த டங்ஸ்டனும் கார்பனும் குளிரும்போது எளிதில் நொறுங்கும் வேறு கார்பைடுகளாகப் படிகின்றன. கடினமானி அதைத்தான் உயர்ந்த எண்ணாகக் காட்டுகிறது. அடி எஃகும் கூடுதலாக உருகிப் பூச்சில் கலந்திருக்கும்; அந்தக் கலப்பு 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

இன்னொன்றும் நடக்கிறது. டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 15.6 கிராம், நிக்கலின் அடர்த்தி சுமார் 9. லேசர் உருக்கிய உலோகக் குட்டை உறைய நேரமெடுத்தால் துகள்கள் அடியில் போய்த் தங்கிவிடும். மணல் உரசும் மேற்பகுதியில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு மாதிரித் துண்டைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். துகள்களின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து முட்கள் போல வளர்ந்திருந்தால் சூடு அதிகம். என்னைப் பொறுத்தவரை, இந்த வெட்டுமுகத்தைப் பார்க்காமல் பூச்சை ஏற்றுக்கொள்ளவே கூடாது.

குறுக்கே மயிரிழை விரிசல்கள் வருகின்றன. கவலைப்பட வேண்டுமா?

சூட்டில் எஃகு விரியும் அளவில் பாதிகூட டங்ஸ்டன் கார்பைடு விரியாது. அந்த வேறுபாடும், சூடான பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது அடியிலுள்ள எஃகு அதைத் தடுப்பதும்தான் பூச்சை இழுத்து வெடிக்க வைக்கின்றன. எஃகை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை முன்சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டால் பெரும்பாலும் குறையும். வெறும் மண் உராயும் தகட்டில் மெல்லிய விரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். சுழலும் ஷாஃப்டில் கூடாது. களைப்பு முறிவு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் உடைப்பு) அங்கிருந்துதான் தொடங்கும். அரிக்கும் திரவத்திலும் கூடாது.

கல் உடைக்கும் சுத்தியலுக்கும் இதே பூச்சு பொருந்துமா?

எடையில் 60 சதவீதம் கார்பைடு உள்ள பூச்சு மோதலில் பெயர்ந்துவிடும். கார்பைடைக் குறைத்து, நெகிழ்வுள்ள கலவையைத் தேர்ந்தெடுங்கள்.

பூசியபின் லேத்தில் கடையலாமா?

முடியாது, வைரச் சாணைதான். அதனால் தேவைக்கு மேல் தடிமனாகப் பூசாதீர்கள்.

தேய்மானச் சோதனையில் எங்கள் பூச்சும் சாதாரண எஃகும் ஒரே எடையை இழந்தன. அப்படியானால் செலவு வீணா?

எடையை ஒப்பிட்டது தவறு. 60 சதவீதக் கார்பைடுப் பூச்சின் அடர்த்தி சுமார் 12, எஃகுக்கு 7.85. ஒரே எடை போயிருந்தால், உங்கள் பூச்சு இழந்த கன அளவு எஃகு இழந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனாலும் நல்ல பூச்சு எஃகைவிட இன்னும் மிகக் குறைவாகவே தேய வேண்டும்; இந்த வித்தியாசம் போதாது. முதலில் வெட்டுமுகத்தில் கார்பைடு கரைந்திருக்கிறதா என்று பாருங்கள்.