ஓலைப்பெட்டி ஏன் சரிகிறது? கைப்பணி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் தரம் 6 படிக்கிறாள். பின்னேரங்களில் அம்மம்மாவோடு இருந்து ஓலைப்பெட்டி இழைக்கப் பழகுகிறாள். ஒவ்வொரு முறையும் பெட்டி ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது, பிள்ளையும் அழுகிறாள். இந்த மினக்கேட்டுக்கு ரியூசனுக்கே அனுப்பினால் என்ன?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அனுப்பலாம், ஆனால் அந்தப் பெட்டியிலும் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. சரிவது பிள்ளையின் கையால் அல்ல, ஓலையால். பனையோலை அடியில் அகலம், நுனியில் ஒடுக்கம். எல்லா வார்களின் நுனியும் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் சிறுத்து, பெட்டி அங்கே சாயும். ஒன்றின் அடி வலப்பக்கம், அடுத்ததன் அடி இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். வாரும்போது 1 செ.மீ. அகலத்துக்கு அளந்து வாரட்டும். கண்மட்டம் அம்மம்மாவுக்குச் சரி, பிள்ளைக்கு அடிமட்டம் வேண்டும்.

8 செ.மீ. சதுர அடியும் 6 செ.மீ. உயரமும் உள்ள பெட்டிக்கு நெடுக்கே 8 வார், குறுக்கே 8 வார். ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம்: அடிக்கு 8, இரு பக்கச் சுவருக்கு 12, விளிம்பில் மடித்துச் செருக 10. சுவரைச் சுற்ற 37 செ.மீ. நீளத்தில் 6 வார்: சுற்றளவு 32, முனையில் முனை செருக 5.

பலருக்கும் பின்னல் குழம்புவது இதற்குப் பிறகுதான். அடியை முடித்து வார்களின் முனைகளை மேலே நிமிர்த்தினால் அவை 32 கால்களாக நிற்கும். அது இரட்டை எண். ஒரே நீள வாரைத் தொடர்ந்து சுற்றினால், முதற்சுற்றில் எந்தக் காலுக்கு மேலால் போனதோ இரண்டாம் சுற்றிலும் அதற்கு மேலாலேயே போகும். பின்னல் பூட்டாது, கழன்று வரும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றையும் தனி வாரில் முடித்து, அடுத்ததை ஒரு கால் தள்ளித் தொடங்குவது. ஒரு காலை இரண்டாகக் கிழித்து 33 ஆக்கினால் நீள வாரையே சுற்றிக்கொண்டு போகலாம். இந்தக் காரணத்தை மட்டும் மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு விதமாகவும் இழைக்கவிட்டு, ஏன் என்று அவளையே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்தில் சாயம் போடும் ஓலை திட்டுத்திட்டாக வருகிறது. மாரியில் பூஞ்சணமும் பிடிக்கிறது.
– வாகரை

பதில்: ஓலைக்கு மேலே மெழுகுபோல ஒரு வழவழப்பு உண்டு, காய்ந்த ஓலையில் சாயம் சீராக ஏறாது. முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். 250 கிராம் ஓலைக்கு 5 லீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சாயத்தூள், ஒரு மேசைக்கரண்டி உப்பு என்று தொடங்கலாம். சாயத்துக்குச் சாயம் வேறுபடும், ஆகவே ஒரு பிடி ஓலையில் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். தூளை நேரே பானையில் கொட்டினால் கரையாத துகள் புள்ளியாக ஒட்டும். ஒரு கோப்பைச் சுடுநீரில் கரைத்து, துணியில் வடித்து ஊற்றவேண்டும். ஓலையை அமுக்கித் திணித்தாலும் திட்டு விழும். 20 – 30 நிமிடம் மெல்லிய கொதியில் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் நிறத்தையும் வெளிறவைக்கும், ஓலையையும் நொறுங்கவைக்கும். அந்தப் பானையில் பிறகு சோறு சமைக்கக்கூடாது.

பூஞ்சணத்துக்குக் காரணம் பெரும்பாலும் சொப்பிங் பைதான். அரைகுறை ஈரத்தோடு கட்டிவைத்தால் உள்ளே வேர்க்கும். ஆனி, ஆடி வெயில் காலத்திலேயே மாரிக்கு வேண்டியதையும் சேர்த்துக் காயவைத்து, பழைய பத்திரிகையில் சுற்றி உயரத்தில் வையுங்கள். இழைக்கும்போது ஓலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் சொட்டச் சொட்ட இழைத்த பெட்டி காய்ந்ததும் வார் சுருங்கி, இடைவெளி விடும்.

கேள்வி: 5 நாள் பயிற்சியில் 10 பொருட்கள் செய்யக் காட்டினார்கள், சான்றிதழும் தந்தார்கள். ஆறு மாதமாகியும் ஒன்றும் விற்கவில்லை. பன்புல்லில் பாய் இழைக்கும் உம்மாவிடம் ஒரு சான்றிதழும் இல்லை, அவவின் பாய் மட்டும் போகிறது.
– அக்கரைப்பற்று

பதில்: அரை நாளுக்கு ஒரு பொருள் என்றால் எதிலும் கை படியாது. உம்மா ஒரே பாயைத் திரும்பத் திரும்ப இழைத்தவ. கடைக்காரர் 50 பெட்டி கேட்டால் ஐம்பதும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஆகவே 10 பொருளில் ஒன்றைத் தெரிந்து, 20 தரம் செய்து, ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டால், எத்தனை பொருள் என்று கேட்காமல், ஒரு பொருளை எத்தனை தரம் செய்ய விடுவார்கள், பிழையை யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது வந்துபோனதற்கான சான்றிதழாக இருக்கலாம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வேறு, அது 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் பழகியவர்களின் திறனை மதிப்பிட்டுத் தரும் வழியும் அதில் உண்டு. உம்மாவின் தொழிலுக்கு அந்த மதிப்பீடு நடக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

விலைக்கு ஒரு உதாரணக் கணக்கு. ஓலை, சாயம், விறகு 80 ரூபா. மணிக்கு 150 ரூபா வீதம் 3 மணித்தியாலம் 450. பழுதுக்குப் பத்து வீதம் 53. மொத்தம் 583. வியாபாரி 300 தந்தால், ஓலை, சாயம், விறகுச் செலவு 80 மட்டும் போனாலே உங்கள் கைக்கு மணிக்கு 73 ரூபாதான். விற்பதா இல்லையா என்பதை அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: 12 வயது மகளுக்குக் கைத்தறி பழக்கலாமா?
– மருதமுனை

பதில்: தறியின் மிதி கால்களுக்கு வசதியாக எட்டட்டும். அதுவரை ஊடைநூல் (குறுக்கே ஓடும் நூல்) சுற்றிப் பழகலாம். 20 × 15 செ.மீ. கடதாசி மட்டையின் இரண்டு விளிம்பிலும் 5 மி.மீ.க்கு ஒரு வெட்டுப் போட்டு நூல் கட்டினால் அதுவும் ஒரு தறிதான். நெய்யும்போது நடுவில் இடுப்புப்போல ஒடுங்கினால், ஊடையை இழுத்துப் பிடிக்கிறாள் என்று அர்த்தம். வில்போல வளைத்து வைத்துவிட்டு அமுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆண்பிள்ளைக்கும் பெட்டி இழைக்கப் பழக்கலாமா? வயது 7.
– மண்டூர்

பதில்: தாராளமாக. ஓலையின் விளிம்பு விரலைக் கீறும், ஆகவே முதலில் பழைய கலண்டர் தாளை 2 செ.மீ. வாராக வெட்டிக் கொடுங்கள். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும்.