சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள், அக்கா

ஹட்டனிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

உயர்தரப் பரீட்சையில் மகளின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண்) மருத்துவத்துக்கு எட்டாத வருத்தம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அவளுடைய மாமா சொல்கிறார் என்பதற்காகத் தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதியை எடுத்து, நகையையும் அடகு வைத்து, வெளிநாட்டில் காசு கட்டி மருத்துவம் படிக்க வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்துவிட்டு வந்தாலும் இங்கே மருத்துவ சபையின் பரீட்சையில் தேற வேண்டும். அதுவரை வட்டியை யார் கட்டுவது? உயர்தரத்தை மூன்றாம் தடவை எழுதுவது, தாதியர் பயிற்சி பற்றியெல்லாம் ஊரிலேயே சொல்ல ஆள் இருக்கிறது.

மகள் தன் கைப்பட ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "எல்லாவற்றையும் நம் கலத்திடம் இரவல் வாங்கும் இன்ஃபுளுவென்சா வைரசு, ஆர்.என்.ஏ.வைப் பிரதியெடுக்க மட்டும் ஏன் சொந்த நொதியம் வைத்திருக்கிறது?" அருமையான கேள்வி. சளிக்காய்ச்சல் தரும் இந்த வைரசின் மரபுத் தகவல் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூற்றில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ.யே எழுதும் அந்த வேலைக்கு நம் கலத்தில் ஏற்ற நொதியம் இல்லை. அதனால் வைரசு பொலிமரேசு என்ற அந்த நொதியத்தைக் கையோடு கொண்டுவருகிறது. பிபி1, பிபி2, பிஏ என மூன்று புரதங்கள் சேர்ந்தது அது. பிபி2 நம் கலத்து ஆர்.என்.ஏ.யின் நுனியில் இருக்கும் 'தொப்பி' என்ற பகுதியைப் பிடிக்கும். பிஏ அங்கிருந்து 10 முதல் 13 நியூக்கிளியோடைட்டு (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணி) தள்ளி நறுக்கும். பிபி1 அந்தத் துண்டிலிருந்து, வைரசின் புரதங்களைச் செய்யச் சொல்லும் செய்தி ஆர்.என்.ஏ.யை எழுதத் தொடங்கும். வைரசின் முழு மரபணுத் தொகுதியைப் பிரதியெடுக்க இதே நொதியம் வடிவத்தை மாற்றிக்கொண்டு, நம் கலத்தின் ஏ.என்.பி.32 புரதத்தைத் துணைக்கு எடுக்கும். பிபி2வின் 627ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் போதும், பறவை வைரசின் நொதியம் பாலூட்டிக் கலத்திலும் நன்றாக ஓடும். நறுக்கும் பிஏயை அடைக்கும் பலோக்சாவிர் 2018இல் மருந்தாக வந்தது. இந்த மூன்று புரதங்களின் முழு அமைப்பு 2014இல்தான் வெளியானது. நம் ஊர் டெங்கு வைரசிலும் ஆர்.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் வேலையை என்.எஸ்.5 என்ற புரதம் செய்கிறது.

இதைப் படிக்க வழி பக்கத்திலேயே இருக்கிறது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்குத் தனித் துறை உண்டு. அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை, மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மகளிடமும் சொல்லுங்கள், இது உடனே சம்பளம் தரும் பாதை இல்லை. சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருடம், அப்புறம் ஆய்வுப் படிப்பு. அதற்கு உதவித்தொகையோடு வெளிநாடு போகலாம், அப்பாவின் காசு தேவையில்லை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், ஆகவே பல்கலைக்கழகம் தொடங்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுக்கட்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில், இதற்கு வழியான உயிரியல் விஞ்ஞானப் பாடநெறியை எத்தனையாவது விருப்பமாகப் போடுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். மாமாவின் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள்.