பார்வர்டில் வரும் ஹாக்கிங்

சார், வணக்கம்.

மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது, இயற்பியலில் பிஎச்.டி. மூன்றாவது வருஷம். போன ஆவணியில் செருப்பு காலில் நிற்காமல் கழன்று போக ஆரம்பித்தது. இப்போது மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு, இதே நோய் இருந்த இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் போட்டோவைப் போட்டு, 'மனசு வைத்தால் நோய் என்ன செய்யும்' என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அவனுக்குத் தெம்பாக இருக்குமே என்று பிபிசி எடுத்த 'ஹாக்கிங்' படத்தை நானும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும், "அவரு பொழச்சாரு. பொழைக்காதவன் எல்லாம் மனசு வைக்காதவனாக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படத்தைக் காட்டியது தப்பா?

எஸ்., திருநகர்

அன்புள்ள எஸ்.,

தப்பில்லை. தம்பி கேட்டதற்கு நேர் பதிலும் 'இல்லை'தான், அதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஹாக்கிங்குக்கு நோய் தெரிந்தது 1963-இல், 21 வயது முடிந்த கையோடு. இரண்டு வருஷம் என்றார்கள் டாக்டர்கள். அவர் இறந்தது 2018-இல், 76 வயதில். நடுவில் இருக்கிற 55 வருஷத்தையும் தூக்கி மன உறுதி என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆகாத விஷயம். இந்த நோய் பலருக்குச் சில வருஷங்களிலேயே முற்றிவிடுகிறது, சிலருக்கு மெதுவாக நகர்கிறது, அவருக்கு மிக மிக மெதுவாக நகர்ந்தது. அவ்வளவுதான். 1985-இல் ஜெனீவா போன இடத்தில் நிமோனியா வந்து, தொண்டையில் துளை போட்டு, மிச்சமிருந்த பேச்சும் போனது. அதன் பிறகு 24 மணி நேரமும் நர்ஸ்கள் தேவைப்பட்டார்கள், அந்தச் செலவுக்கு ஓர் அமெரிக்க அறக்கட்டளை பணம் கொடுத்தது. பார்வர்டில் நர்ஸ் சம்பளம் வராது.

இன்னொன்று. 1970-இல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள், இளவயதில் வருகிற, காது மந்தமும் முகத்தசைத் தளர்ச்சியும் சேர்ந்துகொள்கிற, ஆனால் மெதுவாகப் போகிற ஒரு வகையைப் பற்றி எழுதினார்கள். மருத்துவ நூல்களில் அதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். தம்பிக்கு அதுதான் என்று சொல்ல வரவில்லை, நான் டாக்டரும் இல்லை. ஒரே பெயருக்குள் பல நோய்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன். நரம்பியல் டாக்டரிடம் 'எந்த வகை, எவ்வளவு வேகம்' என்று நேராகவே கேளுங்கள். தம்பியையும் கூட வைத்துக்கொண்டு.

சரி, படம். 2004-இல் வந்தது, பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்தது. பத்து வருஷம் கழித்து எட்டி ரெட்மெய்ன் நடித்து ஆஸ்கர் வாங்கிய படத்தை விட எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் இது கேம்பிரிட்ஜ் மாணவப் பருவத்தில் ஓர் இரண்டு வருஷத்தோடு நின்றுகொள்கிறது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் மேதையெல்லாம் இல்லை, ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்காத ஒரு பையன். பிரபல வானியலாளர் பிரெட் ஹாயிலிடம் சேர ஆசைப்பட்டு, கிடைக்காமல், டெனிஸ் சியாமா என்ற, அதுவரை பேரே கேள்விப்படாத ஒருவரிடம் மாட்டியவர் (அந்த சியாமா கிடைத்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது பிறகுதான் தெரிந்தது). ஆக்ஸ்போர்டில் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஆயிரம் மணி நேரம் படித்திருப்பேன், நாளைக்கு ஒரு மணி நேரம் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள் எப்போது உட்கார்ந்து வேலை பார்த்தார் என்றால், ஜேன் வைல்டோடு நிச்சயமான பிறகு. கல்யாணம் செய்ய வேலை வேண்டும், வேலைக்கு பிஎச்.டி. வேண்டும். இதையும் அவரேதான் எழுதியிருக்கிறார். 'மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்' என்ற கேள்வி திருமங்கலத்துக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பொதுதான் போலிருக்கிறது.

ஹாயில் பேசிய கூட்டத்தில் ஹாக்கிங் எழுந்து நின்று அவரையே மடக்குகிற காட்சியைத் தம்பி கவனித்திருப்பார். அது 1964 ஜூனில் லண்டன் ராயல் சொசைட்டியில் உண்மையாகவே நடந்தது. உங்கள் கணக்கில் இந்த அளவு முடிவிலிக்குப் போய்விடுகிறது என்றார், எப்படித் தெரியும் என்றதற்குப் போட்டுப் பார்த்தேன் என்றார். நின்ற நிலையில் மனசிலேயே போட்டார் என்று கதை பரவிவிட்டது. உண்மையில் ஹாயிலின் மாணவர் நம் ஜெயந்த் நார்லிகர், அவர் அறை ஹாக்கிங்கின் அறைக்குப் பக்கம், அவர் போட்டுக்கொண்டிருந்த கணக்குகளை ஹாக்கிங் முன்னாலேயே பார்த்து உழைத்து வைத்திருந்தார். எனக்குக் கதையை விட இந்தப் பக்கத்து அறைதான் பிடித்திருக்கிறது. ஹாக்கிங்கின் பிஎச்.டி. ஆய்வேட்டின் கதையும் அதுவேதான். நட்சத்திரம் நொறுங்குவதைப் பற்றி கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1965-இல் நிறுவியதை அப்படியே காலத்தைப் பின்னோக்கித் திருப்பிப் பிரபஞ்சத்துக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நிரூபணங்களுக்கு அடியில் கல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு கிடக்கிறது. இதில் நோய் கொடுத்தது என்று எதுவுமே இல்லை. படம் சறுக்குகிற இடமும் இதுதான், கால் தடுமாறுகிற காட்சிக்குப் பக்கத்திலேயே கணக்குப் பிடிபடுகிற காட்சியை வைத்து வைத்து, ஒன்று வந்ததால் இன்னொன்று வந்தது என்று நம்மை நினைக்க வைத்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். செல்லூரில் எங்கள் தெருவில் எம்.எஸ்சி. கணக்கு முடித்த ஓர் அண்ணன் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் டியூஷன் எடுத்தார். இதே நோய். முதலில் சாக்பீஸ் விரலில் நிற்கவில்லை, சைக்கிள் டியூபை நறுக்கி விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்புறம் கையே தூக்க முடியாமல் போனதும் அவர் சொல்லச் சொல்ல நான் போர்டில் எழுதுவேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். நான் ஒரு குறியை விட்டால் கண்ணைத் திறக்காமலே "டேய், மைனஸு" என்பார். கீழே தறி ஓடுகிற அந்தச் சத்தத்திலும் சாக்பீஸ் ஒரு கோடு குறைவாக இழுத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில் விளக்குத்தூண் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஜிகர்தண்டா கேட்டார். தண்ணீர் குடித்தால் புரையேறுகிற ஆளுக்கு அது கெட்டியாக இருந்ததால் ஸ்பூன் ஸ்பூனாக இருமல் இல்லாமல் இறங்கியது. முழு கிளாசையும் முடித்துவிட்டு, "இதைத்தான்டா இவ்வளவு நாள் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தது ஒன்றரை வருஷம். அவருக்கு மனசு போதவில்லை என்று யாராவது என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

பார்வர்டு அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன சொல்வது என்று தெரியாத தவிப்பு, அவ்வளவுதான். அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பைக் வைத்திருக்கிற சித்தப்பா மகன் யாராவது இருந்தால் தம்பியை வாரம் இரண்டு நாள் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் ஓர் அறை கிடைக்குமா என்று நெறியாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், கால் நன்றாக இருக்கும்போதே.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் தம்பியின் ஆய்வு எதைப் பற்றி என்று எழுதவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பினாலும் சரி.

அன்புடன்.