2 அடி தொட்டிக்குக் கேனிஸ்டர் எதற்கு?

பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, வீட்டில் 2 அடி மீன் தொட்டி இருக்கிறது. ஆறு கோல்ட் ஃபிஷ் விட்டோம், இரண்டு செத்துப்போச்சு. உள்ளே கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன மோட்டார் ஃபில்டர் ஓடுகிறது. ஆனாலும் மூன்று நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்குகிறது. ஞாயிறுதோறும் தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவித்தான் வைக்கிறோம். கடையில் கேனிஸ்டர் மாட்டச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கரண்ட் வேறு அடிக்கடி போகிறது. எதை வாங்கலாம்?"

கேனிஸ்டர் என்றால் தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய் மாட்டுகிற ஃபில்டர். அது வேண்டாம் தங்கச்சி. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதற்கு ஒரு ஏர் பம்பும் வாங்குங்கள். இப்போது இருக்கிற மோட்டார் ஃபில்டரையும் கழற்ற வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்தாமல் எதை வாங்கி மாட்டினாலும் காசுக்குக் கேடுதான்.

ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கிற சல்லடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினாலும் அதே அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாது, மீனைக் கொன்றுவிடும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியா குடியிருப்பது பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். புதுத் தொட்டியில் அது போதுமான அளவு பெருகவே 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நீங்களோ வாரா வாரம் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவி அதைக் காலி செய்துவிடுகிறீர்கள். தொட்டி வாங்கி எத்தனை மாதமானாலும் அது புதுத் தொட்டியாகவே நிற்கிறது. அந்த வெள்ளைக் கலங்கலும் இப்படி நிலைகொள்ளாத தொட்டியில் வருவதுதான். வேறு பாக்டீரியா தண்ணீரிலேயே மிதந்து பெருகுகிறது. சல்லடையை மாற்றி அதைப் பிடிக்க முடியாது.

சரி, ஏன் ஸ்பாஞ்ச்? நம் ஊர் வெயிலும் நம் ஊர் கரண்டும்தான் காரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கலாம்; 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் நிற்காது. சித்திரை, வைகாசியில் திருநெல்வேலி வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 30-ஐ எளிதாகத் தாண்டும். மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அந்த பாக்டீரியாவுக்கும் வேண்டும். போதாததற்கு, சூடும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். உங்கள் வீட்டில் கடினமான போர் தண்ணீர் என்றால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழி குழாய் வழியே மேலேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு வருகிற தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் புகுந்துதான் வர வேண்டும். வடிகட்டலும் ஆச்சு, மேற்பரப்பு கலைந்து ஆக்சிஜனும் ஆச்சு.

கரண்ட் போனால் இதன் அருமை தெரியும். சின்ன ஏர் பம்ப் இழுப்பது சில வாட் மின்சாரம்தான். இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்க ஓடும். இன்வெர்ட்டர் இல்லை என்றால், எப்போதும் சார்ஜில் கிடந்து கரண்ட் போனதும் தானாக ஓடுகிற பேட்டரி பம்புகள் கிடைக்கின்றன. கேனிஸ்டர் மூடிய டப்பா. பல மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும்; கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டும். நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே கிடக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். நாலடித் தொட்டி, நிறையச் செடி, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல சாமான்தான்.

மோட்டார் ஃபில்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 50-க்குள்தான் தண்ணீர். மணிக்கு நாலைந்து முறை அது சுற்றி வர வேண்டும், அதாவது 200 முதல் 250 லிட்டர். பெட்டியில் இருப்பது ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல் அளந்த வேகம். அழுக்கு ஏறினால் இன்னும் குறையும். 300, 400 போட்டது வாங்கினால் சரியாக இருக்கும்.

மீனைப் பார்த்தும் மாற வேண்டும். ஃபைட்டர் மீனுக்கு வேகமான ஓட்டம் ஆகாது, கப்பிக் குஞ்சுகளை மோட்டார் உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் ஸ்பாஞ்ச் மட்டுமே போதும். தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு பார்ப் மீன் இருக்கிறது, ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்டிருக்கும். அது ஓடும் ஆற்று மீன், ஓட்டம் கேட்கும். அதற்காக ஆற்றில் வலை போடப் போய்விடாதீர்கள்.

கோல்ட் ஃபிஷ் விஷயத்தில் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும். அது தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம், வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும். 50 லிட்டரில் நாலு மீன் ரொம்பவே அதிகம். இரண்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தொட்டியைப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கினால் மேலே தட்டு வைத்த டாப் ஃபில்டர் கோல்ட் ஃபிஷ்ஷுக்கு நன்றாக ஒத்துவரும். திறந்தே இருக்கும், பாக்டீரியா குடியிருக்கச் செராமிக் வளையம் போட நிறைய இடம் இருக்கும். கார்பன் பை பற்றிக் கடையில் பெரிதாகச் சொல்வார்கள். மருந்து ஊற்றிய தண்ணீரைச் சுத்தம் செய்ய அது உதவும். மற்றபடி சில வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும்.

இனிக் கழுவும் முறை. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதற்குள் ஸ்பாஞ்சை நாலு தடவை பிழியுங்கள். பழுப்பாகக் குழம்பு போல் இறங்கும். அது போதும், வெள்ளையாக்க நினைக்காதீர்கள். ஒரு மாதம் ஸ்பாஞ்ச் என்றால் அடுத்த மாதம் மோட்டார்; இரண்டையும் ஒரே நாளில் தொடவே கூடாது. புது ஸ்பாஞ்சை மாட்டும் அன்று பழைய ஃபில்டரைப் பிழிந்த அந்தப் பழுப்புத் தண்ணீரில் கொஞ்சத்தை அதன் மேல் ஊற்றினால் பாக்டீரியா சீக்கிரம் குடியேறும். மாற்றி ஊற்றுகிற கார்ப்பரேஷன் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட மறக்க வேண்டாம்.

அப்புறம், ஏர் பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் ட்யூப் வழியே திரும்பி இறங்கிப் பம்புக்குள்ளும் தரையிலும் போய்விடும். கீழேதான் இடம் என்றால் ட்யூபின் நடுவே, தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒரு செக் வால்வு போடுங்கள். மலிவான சாமான், மீன் கடையிலேயே கிடைக்கும்.