ஓதலும் படிப்பும்: துண்டுக் கடதாசியில் வந்த கேள்விகள்

கடந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். நேரம் போதவில்லை. எழுந்து கேட்கக் கூச்சப்பட்டவர்கள் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். ஓதும்போதே உயர்தரப் பரீட்சை எழுதி, வெளிவாரியாகப் பட்டம் முடித்து, இப்போது பாடசாலையில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கிறேன்.

ஒரு வாப்பா: மகன் சாதாரண தரம் எழுதிவிட்டான். மௌலவியாக வேண்டும் என்கிறான். அவனுடைய உம்மாவுக்கோ அவன் கம்பஸ் போக வேண்டும். எதை விடச் சொல்வது, மௌலவி?

எதையும் விட வேண்டாம். ஆனால் சேர்க்கப் போகிற அரபுக் கல்லூரியில் மூன்று விஷயத்தை முகத்துக்கு நேரே கேளுங்கள். பிள்ளை உயர்தரம் எழுதுவது எத்தனையாம் வருடத்தில்? அந்தப் பாடங்களைப் படிப்பிப்பது யார்? கால அட்டவணையில் அதற்கு எத்தனை மணித்தியாலம்? "ஓதி முடிச்சிட்டுப் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஏழு வருடம் ஓதி முடிக்கும்போது பிள்ளைக்கு இருபத்து மூன்று வயதாகிவிடும். ஒரு பள்ளிவாசலில் தொழுவிக்கும் இமாமத் வேலை கிடைக்கும், கல்யாணம் வரும், கொப்பியைத் திறக்க நேரம் வராது. என்னோடு ஓதிய கெட்டிக்காரர்கள் பலருக்கு இதுதான் நடந்தது. பேருவளை ஜாமிஆ நளீமிய்யா 1973இல் தொடங்கியபோதே மார்க்கக் கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் தொடங்கியது. இன்று வேறு கல்லூரிகளும் அப்படிச் செய்கின்றன. தேடினால் கிடைக்கும்.

பாடத் தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரபும் இஸ்லாமிய நாகரிகமும் ஓதுகிற பிள்ளைக்குப் பழக்கமானவை. மூன்றாவதாக அளவையியல், அதாவது தர்க்கம், எடுக்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. ஓதியதும் உயர்தரம் எழுதியதும் புத்தளத்தில் இருந்த காலத்தில்தான். அளவையியல் முதல் வகுப்பில் சேர் கரும்பலகையில் ஒரு நியாயத்தொடையை, அதாவது இரண்டு எடுகூற்றிலிருந்து ஒரு முடிவை எடுக்கும் வாதத்தை, எழுதி, இரண்டு எடுகூற்றிலும் வந்து முடிவில் மறைந்துபோகும் பதத்துக்குக் கீழே கோடு போட்டார். அதுதான் மத்திய பதம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வாரம் மன்திக் என்ற அரபுத் தர்க்கப் பாடத்தில் உஸ்தாத் 'ஹத்துல் அவ்ஸத்' என்று சொல்லித் தந்தது இதைத்தான். கொப்பியில் நடுவே ஒரு கோடு இழுத்தேன். வலப்பக்கம் அரபில், இடப்பக்கம் தமிழில், எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஹதீஸை, அதாவது நபிமொழியை, எழுதினேன். போதை தருவது எல்லாம் மது. மது எல்லாம் ஹராம். முடிவை நானே எழுதினேன்: போதை தருவது எல்லாம் ஹராம். 'மது' நடுவில் நின்று இரண்டையும் இணைத்துவிட்டுக் காணாமல் போனது. அன்றைக்குத்தான் எனக்கு இரண்டு படிப்பு என்ற எண்ணம் விட்டது.

ஒரு எச்சரிக்கை. மன்திக்கில் 'கியாஸ்' என்றால் இந்த நியாயத்தொடை. சட்டத்தைப் பிரித்தெடுக்கும் முறையான உஸூலுல் ஃபிக்ஹில் 'கியாஸ்' என்றால் ஒன்றின் சட்டத்தை அதே காரணம் உள்ள இன்னொன்றுக்கு ஒப்பிட்டு எடுப்பது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. மகன் இதில் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருடம் குழம்பினேன்.

அப்புறம், பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தடவைதான் எழுதலாம். "சும்மா ஒருக்கா எழுதிப் பார்" என்று எழுதவிட வேண்டாம்.

மருத்துவ பீட மாணவி: பகலெல்லாம் உடற்கூற்றியல், இரவெல்லாம் குறிப்பு. மார்க்கம் படிக்க வேண்டிய வயதை துன்யாவுக்கே செலவழிக்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது.

மகள், இந்த உறுத்தலுக்கு இமாம் கஸ்ஸாலி தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். இஹ்யா என்ற தன் நூலில் அறிவைப் பற்றிய பாகத்தில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார். ஊரில் ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாகிற கடமை அது. அதோடு விடவில்லை. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை, ஆனால் எல்லோரும் மார்க்கச் சட்டமான ஃபிக்ஹ் படிக்க ஓடுகிறார்கள் என்று தன் காலத்து ஆலிம்களையே கடிந்துகொள்கிறார். மருத்துவம் படித்தால் வக்ஃபு என்ற அறச்சொத்துகளின் பொறுப்பும் காழி என்ற நீதிபதிப் பதவியும் கிடைக்காது, அதனால்தான் இந்த ஓட்டம் என்று காரணத்தையும் போட்டு உடைக்கிறார். நீங்கள் ஒரு கடமைக்குள்தான் இருக்கிறீர்கள்.

இப்னு நஃபீஸைத் தெரிந்திருக்கும். இருதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர். அவர் நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும்கூட. கெய்ரோவில் மத்ரஸாவில் ஃபிக்ஹ் படிப்பித்தார். மருத்துவர் வரலாற்றிலும் ஷாஃபிஈ அறிஞர் வரலாற்றிலும் அவர் பெயர் இருக்கிறது.

செய்ய வேண்டியது சின்னது. ஒரே ஒரு ஆசிரியை, ஒரே ஒரு சின்னக் கித்தாபு, கிழமையில் ஒரு மணித்தியாலம். கண்டகண்ட காணொளிகளில் துண்டு துண்டாகக் கேட்பதை நிறுத்துங்கள். ஒரு நூலை ஒருவரிடம் முதலிலிருந்து கடைசிவரை ஓதுவதில் வருகிற தெளிவு அதில் வராது. பரீட்சைக் காலத்தில் அதையும் நிறுத்தி வைக்கலாம், பாவமில்லை.

ஒரு உம்மா: பொம்பிளைப் பிள்ளைக்கு மூன்று வருட ஷரீஆ கோர்ஸ் போதாதா? பட்டம் எதற்கு?

மூன்று வருடம் நல்ல தொடக்கம். அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணி ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பைப் படிப்பித்தார். பக்தாதின் பெரிய ஹதீஸ் அறிஞரான கதீபுல் பக்தாதி ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் அவரிடம் உட்கார்ந்துதான் அதை ஓதினார். உங்கள் மகள் ஷரீஆ முடித்து உயர்தரமும் எழுதினால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழி பீடம் இருக்கிறது. பேராதனையிலும் அரபு படிக்கலாம். தூரம்தான் கவலை என்றால் அதை மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அது நியாயமான கவலை. மார்க்கத்தின் பெயரில் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கலைப்பீட மாணவர்: விரிவுரையில் ஹதீஸ்களெல்லாம் பிற்காலத்தில் உருவானவை என்ற ஆய்வுகளைப் படிக்கச் சொல்கிறார்கள். வகுப்பை விட்டு எழுந்து போகலாமா, அல்லது பரீட்சைக்கு மட்டும் எழுதிவிட்டு மறந்துவிடலாமா?

தம்பி, இரண்டுமே வேண்டாம். எழுந்து போனால் அந்தக் கேள்வி உங்களோடுதான் எழுந்து வரும். எழுதிவிட்டு மறப்பது இன்னும் மோசம், ஒரு வாயில் இரண்டு நாக்கு வைத்திருப்பதைப் போன்றது.

முஸ்தஃபா அல்அஃழமி என்ற ஹதீஸ் அறிஞரின் வழியைப் பாருங்கள். இந்தியாவின் தேவ்பந்தில் ஓதினார், கெய்ரோவின் அஸ்ஹரில் படித்தார், பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போனார். ஜோசப் ஷாக்ட் என்ற அறிஞர், சட்ட ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களில் பெரும்பாலானவை பின்னால் கட்டப்பட்டவை என்று எழுதி, அது மேற்கில் பெரும் செல்வாக்கோடு இருந்த காலம். அஃழமி கூச்சல் போடவில்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து, ஹதீஸ்கள் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டு வந்ததைக் காட்டி, அதையே ஆய்வேடாக அதே கேம்பிரிட்ஜில் சமர்ப்பித்து 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரோடு உடன்படாதவர்களும் அவரைப் படிக்காமல் கடந்துபோக முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. விரிவுரையாளர் சொல்கிற வாதத்தை, அவரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாக எழுதப் பழகுங்கள். அதற்குப் பிறகு ஆதாரத்தோடு உங்கள் மறுப்பை எழுதுங்கள். நம்முடைய முன்னோர் ஒரு அறிவிப்பாளர் தொழுகையாளி என்பதற்காக மட்டும் அவருடைய ஹதீஸை எடுக்கவில்லை. நினைவாற்றல் எப்படி, யாரை நேரில் சந்தித்தார், எந்த வயதில் தடுமாறினார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். கேள்வி கேட்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமில்லை. பதில் உடனே கிடைக்காத இரவுகளும் வரும். அப்போது தனியாக இருக்க வேண்டாம். ஓதித் தந்த உஸ்தாதிடம் போய் மனம் விட்டுச் சொல்லுங்கள். திட்டுகிறவராக இருந்தால் வேறொருவரிடம் போங்கள்.

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: அயலில் முஸ்லிம் பிள்ளைகள் பலருக்குப் படிப்பித்திருக்கிறேன். மத்ரஸாவில் குர்ஆனை மனனம் செய்வது மட்டும்தானா?

சேர், நீங்கள் கேட்டது பெரிய சந்தோஷம். மனனம் செய்வது ஒரு பிரிவு; முடித்தவரை ஹாபிழ் என்போம். மௌலவிப் படிப்பு வேறு. அரபு இலக்கணம், குர்ஆன் விளக்கம், ஹதீஸ், சட்டம், சட்டத்தைப் பிரித்தெடுக்கும் முறை, பாகப்பிரிவினைக் கணக்கு, தர்க்கம் எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்துச் சட்ட நூல்களில் முக்கியமான ஃபத்ஹுல் முஈன் கேரளத்துப் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. பாகப்பிரிவினையில் பின்னக் கணக்கு இல்லாமல் ஓரடி நகர முடியாது.

உங்களுக்கு ஏ.எம்.ஏ. அஸீஸைச் சொல்லத் தேவையில்லை. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் பள்ளியில் ஓதிவிட்டு, இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் பிறகு யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். ஓதப் பள்ளியில் தொடங்கிய பிள்ளையை வளர்த்துவிட்டதில் உங்களைப் போன்ற சைவ ஆசிரியர்களுக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தர உங்களுக்கு நேரம் கிடைக்குமா? மாலை மஃரிப் தொழுகைக்கு முந்திய ஒரு மணித்தியாலம், இடம் நாங்கள் தருவோம்.

மாணவர்: வீட்டில் வசதியில்லை. உதவி கிடைக்குமா?

கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். அஸீஸ் 1945இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் இருக்கிறது. கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.

இமாமாக இருக்கும் மௌலவி: வயது முப்பத்தொன்று. உயர்தரம் எழுதவில்லை. இனி ஏலுமா?

ஏலும். திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரம் இல்லாதவர்களுக்கு அடிப்படைக் கற்கைநெறி இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது, கொழும்புக்கு அலைய வேண்டாம். உங்களுக்குக் கஷ்டம் பாடத்தில் வராது, ஆங்கிலத்தில்தான் வரும். அரபு இலக்கணமான நஹ்வும் ஸர்ஃபும் படித்த உங்களுக்கு இலக்கணம் என்றால் என்னவென்று தெரியும்; வினைச்சொல்லை அட்டவணை போட்டு மனனம் செய்த அதே பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் போடுங்கள். ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் இமாமுக்குக் கிடைக்கிற அந்த ஓய்வு நேரம் போதும். பள்ளி நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, பரீட்சை நாட்களுக்கு மட்டும் பதில் ஆள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தொழுவிக்க நான் வருகிறேன்.