டாக்டர் பதில்கள்: இனிப்பே தொடாதவருக்கு எப்படிச் சர்க்கரை?

கேள்வி: வயது 41. சென்னை வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எடை 63 கிலோதான். இனிப்புப் பக்கமே போகமாட்டேன். வெறும் வயிற்றில் 118, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 226, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 7.4. சர்க்கரை நோய் என்கிறார்கள். அம்மாவுக்கு உண்டு. எனக்கு எப்படி வந்தது? தம்பிக்கு 36 வயது, கம்ப்யூட்டர் வேலை. அவனும் பார்க்க வேண்டுமா?

பதில்: பெரம்பூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். 'சர்க்கரை' என்று பெயர் வந்ததால் இனிப்பு தின்றவருக்குத்தான் வரும் என்று நினைத்துவிடுகிறோம். மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு சாப்பிட்டாலும் அது குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது.

கழுத்தில் கிடக்கிற டேப்பை எடுங்கள். பேன்ட்டுக்கு அளவெடுக்கும் இடம் வேண்டாம், அது தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபடி சுற்றுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டாலே கவனிக்க வேண்டும். கை கால் ஒல்லியாக இருக்க, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் சேருகிற உடம்புவாகு நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. எடை மெஷினில் இது தெரியாது.

அம்மா வழியில் வந்தது பாதி என்றால், உட்கார்ந்தே இருப்பது மீதி. மிதித்துத் தைத்தபோது காலாவது அசைந்தது. இன்று எல்லாக் கடையிலும் மோட்டார். சென்னையில் 1989-இல் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த நோய், 2004-க்குள் 14.3 சதவீதமாகிவிட்டது. பதினைந்தே வருஷம். அதற்குள் பரம்பரை மாறிவிடாது, நம் நடமாட்டமும் சாப்பாடும்தான் மாறின.

தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். சென்னை நீரிழிவு நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் அவரைப் போட்டுப் பாருங்கள். வயது 35 ஆகிவிட்டது, 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பதால் 10. ஆக 60. அறுபது வந்தாலே அபாயம் அதிகம். இடுப்பை நாம் இன்னும் அளக்கவே இல்லை!

வெறும் வயிற்று டெஸ்ட்டோடு நிறுத்தவேண்டாம். உங்கள் 118-ஐ மட்டும் பார்த்திருந்தால், '126-ஐத் தாண்டவில்லை, பார்டர்தான்' என்று அனுப்பியிருப்பார்கள். என் அப்பாவை அப்படித்தான் அனுப்பினார்கள். கால் விரலை எடுத்த அன்றுதான் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுப் போட்ட கால் இன்றும் கண்ணில் நிற்கிறது.

குளுக்கோஸ் குடித்தபின் தம்பிக்கு 140-லிருந்து 199-க்குள் வந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல நேரத்தில் பிடிபட்டது. அந்தக் கட்டத்தில் இருந்தவர்களைச் சென்னையில் மூன்றாண்டு கவனித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நடையாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் நோய்க்குப் போவது 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீங்கள் மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். கண், பாதம், சிறுநீர் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். தம்பி காலையில் டீகூடக் குடிக்காமல் லேபுக்குப் போகட்டும். இரண்டரை மணி நேரம் பிடிக்கும், அரை நாள் லீவு போடச் சொல்லுங்கள்.